சீட்டு எரிந்தது, பழி எரியவில்லை

கட்டெறும்பு பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். எழுதப் போவது ஒரே ஒரு வரிதான். அதற்கு அவ்வளவு கூர் தேவையில்லை. ஆனாலும் அவளால் நிறுத்த முடியவில்லை.

அவளுக்கு வயது பத்து. ஆள் பொடிசு, பேச்சு மட்டும் சுருக்கென்று கடிக்கும். அதனால்தான் வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு அந்தப் பெயர். இன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தச் சிறிய ஆலயத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டில் தாங்கள் செய்த பாவத்தை எழுதுவார்கள். பெயர் போடக் கூடாது. பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்க்கவும் கூடாது. நாலாக மடித்து, முற்றத்தில் இருக்கும் இரும்புச் சட்டியில் போட வேண்டும். போதகர் ஜெபம் செய்து தீ வைப்பார். "கடவுள் மன்னிச்சிட்டார். இனிமே இதை யாரும் படிக்க முடியாது" என்பார். பிள்ளைகள் "ஆமென்!" என்று கத்துவார்கள்.

சில பேர் மாதாமாதம் ஒரே பாவத்தையே எழுதினார்கள். 'தம்பியின் பிஸ்கட்டையும் நானே தின்றேன்' என்பது அதில் ஒன்று. பாவம் அந்தத் தம்பி!

கட்டெறும்பின் பாவம் பிஸ்கட் அளவு இல்லை. பெரியது. நடந்து நாலு வாரம் ஆகியிருந்தது.

ஞாயிறு வகுப்பில் வேதாகமம் வாசிக்கும் பொறுப்பு நெட்டைக்குக் கிடைத்தது. நெட்டை அவளுடைய உயிர்த்தோழி. பதினோரு வயதுக்குள் டீச்சரின் தோளை எட்டிவிட்டவள். 'ஏன், எனக்கு மட்டும் வாய் இல்லையா?' என்று கட்டெறும்புக்கு ஒரே பொறாமை. யாரும் இல்லாத நேரம் பார்த்து மேடையில் ஏறினாள். அந்தப் பெரிய வேதாகமத்தைத் திறந்துவைத்து, கையை வீசி வீசி வாசித்தாள். வீசிய கை பக்கத்தில் இருந்த பூ ஜாடியில் பட்டது. ஜாடித் தண்ணீர் முழுவதும் புத்தகத்தின் மேல் கொட்டிவிட்டது.

எடுத்தாளே ஓட்டம்! பின்வாசல் வழியாக ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

வாசித்துப் பழகுவதற்காக வந்த நெட்டை, நனைந்த புத்தகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். அது போதாமல் போட்டிருந்த ஸ்வெட்டரையும் கழற்றி, தாள்களுக்கு நடுவே வைத்து ஒற்றினாள். அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார்.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"நான் இல்ல டீச்சர். நான் வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

சத்தம் கேட்டுப் பின்வாசலில் மெல்ல எட்டிப் பார்த்த கட்டெறும்பு, டீச்சரின் கண்ணில் பட்டுவிட்டாள். "நீ பார்த்தியா? யார் இதைப் பண்ணினது?" என்று டீச்சர் கேட்டார்.

"அவதான்" என்றாள் கட்டெறும்பு.

ஒரே ஒரு சொல்தான். நெட்டையின் வாசிப்பு அன்றோடு பறிபோனது. கடைசி பெஞ்சுக்கு அவளை அனுப்பினார்கள். "நான் இல்ல" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். "பண்றதையும் பண்ணிட்டுப் பொய் வேறயா?" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

கடைசியில் பென்சில் பாதியாகிப் போனது. கட்டெறும்பு எழுதினாள்: 'தண்ணீரைக் கொட்டியது நான். நெட்டை என்று பொய் சொன்னேன்.' அவசர அவசரமாக மடித்தாள்.

டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போனார். "எழுதிட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்கிட்ட எழுத எதுவும் இல்ல டீச்சர்" என்றாள் நெட்டை.

"வேதாகமம் நனைஞ்சதை மறந்துட்டியா? அதை எழுதிப் போட்டுடு. கடவுள் மன்னிச்சிடுவார். எல்லாம் சரியாப் போயிடும்."

அன்பாகத்தான் சொன்னார். நெட்டை எழுதவில்லை. வெறும் சீட்டை நாலாக மடித்துக் கொண்டுபோய்ச் சட்டியில் போட்டாள். "பிடிவாதத்தைப் பாரு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

தீ பற்றியது. சீட்டுகள் சுருண்டு கறுத்தன. "ஆமென்!" என்ற சத்தத்தில் கட்டெறும்பின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. நாலு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப் போனது. வழியெல்லாம் குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் பைண்டிங் கடை. மேசை முழுக்கப் பள்ளி நோட்டுகள் அடுக்கியிருந்தன. பசை வாசனை தூக்கலாக அடித்தது.

"வாம்மா கட்டெறும்பு! பாவமெல்லாம் எரிஞ்சுபோச்சா?"

"போச்சுப்பா!"

"சரிதான். மத்தியானத்துல இருந்து புதுசா ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லிச் சிரித்தார் அப்பா.

அவர் முன்னால் அந்தப் பெரிய வேதாகமம் விரிந்து கிடந்தது. ஆலயத்தில் இருந்து பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். காய்ந்த தாள்களைப் பிரித்து, மறுபடி நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "ஈரத்தாளைத் தேய்ச்சோம்னா எழுத்து கலங்கிடும், தாளும் கிழிஞ்சிடும். இதை யாரோ ஒத்தி ஒத்தி எடுத்திருக்காங்க. நடுநடுவுல துணியக்கூட வெச்சிருக்காங்க. இல்லேன்னா மொத்தப் புத்தகமும் கூழாப் போயிருக்கும்."

கட்டெறும்பு அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த நெட்டைப் பொண்ணுதான் கொட்டிட்டான்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ நம்பிக்கை வரல. கொட்டினவ பயந்துபோய் ஓடித்தானே இருப்பா? நின்னு இவ்வளவு பொறுமையாத் துடைப்பாளா?"

கேட்டுவிட்டு, நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோக்கப் போய்விட்டார் அப்பா. மகளின் முகம் வெளுத்ததை அவர் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டைக் கட்டெறும்பு பிசைந்துகொண்டே இருந்தாள். 'என் பாவம் எரிஞ்சுபோச்சு. நெட்டைக்கு என்ன எரிஞ்சுது? ஒண்ணும் எழுதாத ஒரு தாள்!' காப்பாற்றியவளுக்குக் கடைசி பெஞ்சு. கொட்டியவளுக்கு மன்னிப்பு. நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆலயத்துக்கு ஓடினாள்.

முற்றத்தில் சட்டி ஆறிப்போயிருந்தது. அவள் ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த போதகர் வந்து பார்த்தார்.

"என்னம்மா தேடற?"

"என் சீட்டை ஐயா. சாம்பல்ல இருந்து எழுத்தைப் படிக்க முடியுமா?"

"முடியாது. யாரும் படிக்கக் கூடாதுன்னுதானே எரிக்கிறோம்."

"அதான் ஐயா தப்பாப் போச்சு!" கட்டெறும்பு ஓவென்று அழுதுவிட்டாள். "அதுல உண்மை இருந்துச்சு. அதை எல்லாரும் படிச்சிருக்கணும். தண்ணியக் கொட்டினது நான்தான். நெட்டை இல்ல!"

போதகர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"கடவுள் என்னை மன்னிச்சிட்டாரா ஐயா?"

"மன்னிச்சிட்டார். அதுல சந்தேகமே வேண்டாம்."

"அப்ப நெட்டைக்கு? அவ எதுவுமே பண்ணலியே. அவளை எதுக்கு மன்னிக்கணும்? என் பாரம் இறங்கிடுச்சு. அவளுக்கு வலி அப்படியே இருக்கு. அதைக் கொண்டுபோய்ப் போட ஒரு சட்டி இருக்கா ஐயா?"

போதகர் ஆறிப்போன சட்டியைப் பார்த்தார். பிறகு, "இருபது வருஷமா இதுல தீ வெக்கிறேன்" என்றார். "இதை யாரும் கேட்டதில்ல. நானும் யோசிச்சதில்ல. இயேசு தப்பு பண்ணினவங்களை மட்டுமா தேடிப் போனார்? அடிபட்டவங்க, அழுதவங்க, யாருமே நம்பாதவங்க, அவங்ககிட்டயும்தான் போனார். நாங்க பாதியை மட்டும் செஞ்சுட்டு ஆமென்னு சொல்லியிருக்கோம்."

"இப்ப என்ன பண்ணலாம், சொல்லு" என்று அவளிடமே கேட்டார்.

கட்டெறும்பு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலு மணிக்குப் பாட்டுப் பயிற்சி இருக்கே. எல்லாரும் வருவாங்க. அங்க சொல்லிடறேன்."

"உனக்குப் பயமா இருந்தா, உனக்குப் பதிலா நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் ஐயா. அவதான்னு சொன்னது என் வாய்தானே."

நாலு மணிக்கு எல்லாரும் வந்தார்கள், நெட்டையைத் தவிர. அவள் பாட்டுக்கு வருவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகிவிட்டது. கட்டெறும்பு முன்னால் போய் நின்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வேதாகமத்துல தண்ணி கொட்டினது நான். நெட்டை அதைக் காப்பாத்தினா. நான் பொய் சொன்னேன்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவை சொன்னாளே!" என்றார். "ஒரு தடவைகூட நான் காது கொடுத்துக் கேக்கலியே!" சட்டென்று எழுந்து கட்டெறும்பின் கையைப் பிடித்தார். "வா. அவ வீட்டுக்குப் போகலாம்."

நெட்டையின் அம்மா வைத்திருந்தது சலவைக் கடை. மருத்துவமனையின் வெள்ளை விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நெட்டை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் அவள் எதிரில் போய் நின்றார். "நீ சொன்னது உண்மை. நான்தான் நம்பல. தப்பு என்மேலதான்மா. வாசிப்பு உன்னோடது. எப்ப வேணும்னு நீயே சொல்லு."

கட்டெறும்பு நடந்ததை நெட்டையின் அம்மாவிடம் சொன்னாள். பாதியிலேயே அவர் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. "பெத்தவ நானே உன்ன நம்பலியேடி!" என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். நெட்டை அழவில்லை. விறைப்பாக நின்றாள். டீச்சர் விடைபெற்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இஸ்திரி மேசைக்குப் போனார்.

கட்டெறும்பு மட்டும் போகவில்லை. "என்ன மன்னிச்சிடுடி" என்றாள்.

"மன்னிச்சா அதையும் எரிச்சிட்டு ஆமென்னு கத்துவியா?" என்றாள் நெட்டை.

கட்டெறும்புக்குச் சுரீர் என்றது. பதிலுக்குக் கடிக்க வந்த சொல்லை விழுங்கினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, இப்ப மன்னிக்க வேண்டாம். உனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. நான் கேக்கறேன்."

நெட்டை ஒரு பெரிய விரிப்பை உதறினாள். ஒருத்தியாக மடிக்க முடியாத நீளம். கட்டெறும்பு கேட்காமலேயே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஜெபத்துல எல்லாரும் கை கோத்து நிப்போமே, யாருமே என் கையப் பிடிக்கல" என்றாள் நெட்டை.

"ம்."

"அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"ம்."

"நீ 'அவதான்'னு சொன்னப்ப என்னைப் பார்க்கவே இல்ல. சுவரைப் பார்த்துச் சொன்ன."

"ஆமா" என்றாள் கட்டெறும்பு. அப்படி இல்லை என்றோ, தெரியாமல் செய்தேன் என்றோ அவள் சொல்லவில்லை.

"தினமும் கடவுள்கிட்ட 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு சொல்லிட்டே இருந்தேன். அவருக்காவது தெரியுமேன்னு." அப்போதுதான் நெட்டையின் குரல் உடைந்தது. நாலு வாரத்து அழுகையும் ஒன்றாக வந்தது. விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கட்டெறும்பும் அழுதாள். ஆனால் பிடித்த முனையை விடவில்லை.

அழுது முடித்ததும் நெட்டை ஈரமான விரிப்பைப் பார்த்தாள். "இதை மறுபடி துவைக்கணும்" என்றாள்.

"நான் துவைக்கிறேன்."

"உன் உயரத்துக்கு நீ தொட்டிக்குள்ளயே விழுந்துடுவ" என்றாள் நெட்டை. சிரிப்பு வரவில்லை. ஆனால் குரலில் இருந்த விறைப்பு கொஞ்சம் இளகியிருந்தது.

இருவரும் இன்னும் ஏழெட்டு விரிப்புகளை மடித்தார்கள். நெட்டை இன்னும் நிறையச் சொன்னாள். கட்டெறும்பு எல்லாவற்றையும் கேட்டாள். கடை சாத்தும் நேரம் வந்தது.

"எனக்கு இன்னும் கோபம் இருக்கு" என்றாள் நெட்டை.

"இருக்கட்டும்."

"இன்னும் சொல்ல வேண்டியதும் இருக்கு."

"சொல்லு, கேக்கறேன்."

நெட்டை கடைசி விரிப்பை அடுக்கின் மேல் வைத்துத் தடவிவிட்டாள். பிறகு, நாலு வாரத்தில் முதல் முறையாக, கட்டெறும்பின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"மீதிய நாளைக்குச் சொல்றேன். பள்ளிக்கூடம் விட்டதும் வந்துடு."