டீச்சர் வைத்த பெயர்கள்

நிறுவியவர் பெயர் கேட்ட கட்டத்தில் இவள் தட்டியது தன் பெயரை. திரையில் வந்து நின்றது 'டீச்சர்'. கை தவறியிருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் டீச்சர்தான் வந்தாள்.

டீச்சர், கணவனின் முதல் மனைவி. செத்துப்போனவளிடம் என்ன பொறாமை என்று கேட்பவர்கள் இந்த வீட்டில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும். மேசை டீச்சருடையது, திரைச்சீலை டீச்சர் எடுத்தது, போதாக்குறைக்கு இவள் பார்க்கும் வேலையும் டீச்சர் விட்டுப்போனதுதான்: கம்பெனி சர்வர்களை நிறுவிப் பராமரிப்பது. ஆபீஸில் எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்ததால் வந்த பட்டப்பெயர் அது. கணவனும் அப்படித்தான் கூப்பிடுவானாம். இவளைக் 'கண்ணு' என்பான். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அவனுக்குக் கண்ணுதான்.

மேலாளர் மதியமே போனில் சொல்லியிருந்தார். "நிறுவுற டூலோட புது வெர்ஷன்ல ஒரு கோளாறும்மா. பழைய சர்வர்ல மட்டும்தான் வருது. முதல்ல நிறுவினவங்க பேரை அழிச்சிடாதீங்க. அழிச்சா அவங்க விட்டுட்டுப் போன நிலைக்கே எல்லாத்தையும் கொண்டுபோயிடும். பின்னாடி வந்தது எதுவும் மிஞ்சாது."

"தொடமாட்டேன் சார்," என்றாள். போனை வைத்த கையோடு எல்லா சர்வரிலும் டீச்சரை அழித்தாள். எரிந்துகொண்டிருந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

இப்போது டூல் தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது. சர்வர்களுக்கு வீட்டுச் சாமான்களின் பெயர்களை வைப்பது டீச்சரின் வழக்கம். 'கடிகாரம்: பழைய நிலைக்குத் திரும்பியது' என்றது திரை. மின்விசிறியின் முனகலுக்கும், சமையலறையில் கணவன் கோப்பை கழுவும் சத்தத்துக்கும் அடியில், ஹாலிலிருந்து டிக் டிக்கென்று ஓர் ஓசை நிதானமாக நடந்து வந்தது. அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் இவள்தான் போட்டிருந்தாள்.

'அடுப்பு: திரும்பியது.'

இஞ்சி டீயின் வாசனை அறைக்குள் வந்தது. இவளுக்கு இஞ்சி ஆகாது. கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் இஞ்சி தட்டியதில்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அனுமதி இல்லை என்றது. தன் பெயரைத் தேடினாள். அப்படி யாரும் இல்லை என்றது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்."

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

'நாற்காலி' என்று திரை கடைசிப் பெயரைக் காட்டியது.

இவள் வாங்கிய, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி அசையவில்லை. தொடைக்கடியில் மெத்தை இல்லை. பிரம்பு. இவள் தூக்கிப் போட்ட டீச்சரின் அதே பிரம்பு நாற்காலி. எழ முயன்றாள். முடியவில்லை. ஈரக் கூந்தலின் வாசனை. இன்று இவள் தலைக்குக் குளிக்கவில்லை.

"டீச்சர், டீ ஆறுது," என்றான் கணவன், வாசற்படியில்.

எத்தனை அன்பு அந்தக் குரலில். இவளிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. இந்த நேரத்திலும் அதுதான் சுட்டது.

"இங்கயே கொண்டு வாங்க," என்றது இவள் தொண்டை.

திரை அணைந்து கறுத்தது. அந்தக் கறுப்பில் அவன் குனிந்து தோளில் கை வைப்பது தெரிந்தது. நாற்காலியில் ஈரத் தலையோடு ஒருத்தி கோப்பையை வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். கண்கள் மட்டும் இவளுடையவை. அவை கெஞ்சின. அவன் பார்க்கவில்லை.