சூடில்லாத வண்டி

குறைய வேண்டிய எண் கூடியிருந்தது.

கிளம்பும்போது பரணிதரன் மனைவியின் போனில் அந்த ஆப்பைத் திறந்து காட்டிவிட்டுப் போயிருந்தான். கார் பேட்டரியில் அறுபத்தொரு சதவீதம். மகளுக்கு ஸ்வெட்டர் எடுக்க எழுந்த லாவண்யா சும்மா ஒரு முறை பார்த்தாள். அறுபத்து நான்கு. காலையிலிருந்து அழுது வீங்கிய கண் ஒன்றை நான்காகக் காட்டினாலும் காட்டும் என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசல் தகரக் கொட்டகையில் அந்த எலக்ட்ரிக் கார் நின்றது. அதிலிருந்து புறப்பட்ட கறுப்பு ஒயர் மழையில் நனைந்தபடி ஜன்னல் வழியே ஏறி, கூடத்துச் சுவரோரம் ஊர்ந்து, ஐஸ் பெட்டியில் போய் முடிந்தது. பெட்டிக்குள் அவளுடைய அப்பா அய்யம்பெருமாள் படுத்திருந்தார்.

விடியும் நேரத்தில் போய்விட்டார். அதற்கு முன்பே காற்றும் மழையும் கரண்ட் கம்பங்களைச் சாய்த்திருந்தன. செந்துறை முழுக்க இருட்டு. "நாளைக்கு சாயந்திரம் ஆவுங்க" என்றார் லைன்மேன். கொள்ளி வைக்க வேண்டிய அண்ணன் முத்தமிழ்செல்வன் குவைத்திலிருந்து திருச்சியில் வந்து இறங்க மறுநாள் காலையாகும். ஜெனரேட்டர் எதுவும் மிச்சமில்லை என்று ஐஸ் பெட்டிக்காரர் வீரமணி கைவிரித்தபோதுதான் பரணிதரன் முன்னால் வந்தான்.

"நம்ம வண்டியிலேர்ந்தே வூட்டுக்கு கரண்ட் எடுக்கலாங்க. பெட்டி, ஒரு லைட்டு, ஒரு ஃபேன். நாளைக்கு வரைக்கும் தாராளமா தாங்கும்."

சாவு வீட்டிலும் அவன் குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. லாவண்யாவுக்குத் திட்ட மனம் வரவில்லை. கார் இங்கே வேண்டும் என்பதால் நண்பன் வண்டியில் மச்சானை அழைத்துவரத் திருச்சிக்குப் போய்விட்டான். விமானம் ஏறுமுன் அண்ணன் போனில் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

"அப்பா மொகத்த பாத்துருவேன்ல, பாப்பா? கெட்டுப் போவாம வெச்சிருங்க."

பாத்துருவ அண்ணே, நான் இருக்கேன்ல என்று சொல்லியிருந்தாள்.

ஐஸ் பெட்டிதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில், சூளை முன்னால் வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். குளிர் ஆகவே ஆகாது. ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொடமாட்டார், மார்கழியில் மங்கி குல்லாயோடுதான் தூங்குவார். இந்தக் காரை முதலில் பார்த்த அன்று பானெட்டில் கை வைத்து முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, பெரம்பலூர்லேர்ந்து ஓடியாந்துருக்கு, ஒடம்புல சூடே இல்ல! இதெல்லாம் ஒரு வண்டியா?" வீடே சிரித்தது. அந்த வண்டியே இன்று அவரைக் குளிரில் வைத்திருந்தது.

கூடத்துக்குத் திரும்பினாள். ஊதுபத்தியும் வாடிய சம்பங்கி மாலையும் ஈரத் துணியும் கலந்த வாசனை மூக்கில் அடைத்துக்கொண்டு நின்றது. வந்த சனம் இருட்டியதும் மழைக்குப் பயந்து அவரவர் வீட்டுக்குப் போயிருந்தது. அப்பாவின் தங்கை பொன்னாயி அத்தை மட்டும் பெட்டியின் தலைமாட்டில் போர்வைக்குள் சுருண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். லாவண்யாவின் மகள் சிந்து, யுகேஜி படிப்பவள், தாத்தாவின் பெட்டியில் முதுகைச் சாய்த்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

காலையில் அரியலூர் தாண்டி வரும்போது கார் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சிந்து அதில் விரலால் 2 எழுதி, மூக்கும் வாலும் இழுத்து, கடைசியில் கண் வைத்து வாத்து ஆக்கினாள். வாத்து முடிந்தால் கண்ணாடியை இரண்டு தரம் தட்டுவாள். அம்மா திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். இன்று அம்மா திரும்பவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

லாவண்யா மகளுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். தரை ஜில்லென்றிருந்தது. மழை நாள், சிமெண்ட் தரை, அப்படித்தான் இருக்கும். பிறகுதான் தன் மூச்சு வாய்க்கு முன்னால் வெள்ளையாகப் போவதைப் பார்த்தாள். செந்துறையில் அப்படி ஒரு குளிரை அவள் கண்டதே இல்லை.

போனை எடுத்தாள். எழுபத்தொன்று.

பரணிதரனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, சார்ஜ் ஏறுது."

"ஏறுதா? கரண்ட் வந்துருச்சா?"

"வரல. நம்ம வண்டி குடுத்துக்கிட்டுதான இருக்கு? அப்பறம் எப்பிடி ஏறும்?"

"ஆப்பு ஏதாவது தப்பா காட்டும், வுடு." மழையில் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது. "பிளக்க மட்டும் புடுங்கிடாத, லாவண்யா. ஐஸ் வுட்டுச்சுன்னா உங்கண்ணன் மொகத்த பாக்க முடியாது."

தொடர்பு அறுந்தது.

"யாருடி என் போர்வைய உருவுறது?" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே. போர்வை அவள்மேல்தான் இருந்தது. லாவண்யா அதை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டாள். பெட்டியின் முனகல் தாழ்ந்து, சீராக, திருப்தியாகக் கேட்டது. சாப்பிட்டு முடித்தவர் விடும் மூச்சைப் போல.

பகலெல்லாம் பெட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் வியர்த்திருந்தது. அவளே துண்டால் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தாள். இப்போது வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. ஆவி உள்ளே படிந்திருந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

பெட்டி வேலை செய்யவில்லை, அப்பா கெட்டுவிடுவார் என்ற பயம்தான் முதலில் வந்தது. குனிந்து, ஆவி படியாத ஓரம் வழியாகப் பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அதற்கு மேலே, குழி விழுந்திருந்த கன்னம் நிரம்பியிருந்தது. நெற்றிக் காசைச் சுற்றி முத்து முத்தாக வேர்வை. அப்பாவின் முகத்தில், சூளை வேலை முடிந்து வீடு திரும்பும் நாட்களின் அந்தச் செம்மை.

கையை எடுத்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். அவள் செய்யவில்லை. பயத்தையும் மீறி அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அப்பாவுக்குக் குளிரவில்லை. அது போதும் என்றிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, கன்னத்தையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. இடுப்பில் போன் அதிர்ந்தது. தொண்ணூற்றாறு.

அப்போதுதான் கவனித்தாள். குறட்டைச் சத்தம் இல்லை.

"அத்தே."

கையை நீட்டிப் போர்வையைத் தட்டினாள்.

"அத்தே, எந்திரிங்க!"

போர்வை அசையவில்லை. அதன் விளிம்பில் மெல்லிய வெண்பனி.

சிந்து.

பாய்ந்து மகளை இழுத்தாள். ஸ்வெட்டரின் முதுகு பெட்டித் தகரத்தில் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வந்தது. குழந்தையின் உதடு நீலம். கன்னத்தைத் தொட்டாள். காலையில் குளிப்பாட்டும்போது தொட்ட அப்பாவின் கன்னம் அப்படித்தான் இருந்தது.

"பாப்பா. பாப்பா! கண்ணத் தொறடி, என் தங்கம்."

காலால் ஒயரை உதைத்தாள். பெட்டிக்கும் லைட்டுக்கும் ஃபேனுக்கும் பொதுவாக இருந்த பிளக் கழன்று தரையில் விழுந்தது. விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது.

பெட்டி நிற்கவில்லை.

உள்ளே இருந்த சின்ன விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. முன்பைவிடப் பிரகாசமாக. வெளியே கொட்டகையில் தகரத்தின்மேல் மழை. காரின் பானெட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கீழே விழுந்த போனின் திரை மின்னியது.

நூறு.

மகளை மாரோடு அணைத்தாள். முதுகைத் தேய்த்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஊதிய காற்று குளிர்ந்து திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

பெட்டிக்குள் ஏதோ அசைந்தது.

ஆவி படிந்த கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு விரல் வந்து நின்றது. சூளையில் கருகிய நகம். அப்பாவின் சுட்டுவிரல். அது தயங்கி, மெல்ல, எழுதப் பழகும் கையைப் போல வளைந்து ஒரு 2 போட்டது. அதற்கு மூக்கு வைத்தது. வால் இழுத்தது. கடைசியில், மறக்காமல், கண்.

லாவண்யா தன் மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கண்ணாடியை உள்ளிருந்து இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது.