யார் போட்ட முடிச்சு?

“அம்மா… எரியுது…”

இரண்டாவது சொம்புத் தண்ணீர் காலில் விழுந்ததும் தர்ஷினி முனகினாள். சந்திரகலா குனிந்து பார்த்தாள். குழந்தையின் இடது கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. ஒரு பக்கம் தோல் வழன்றிருந்தது. கொலுசுகூடப் போடாத கால் அது!

“இன்னாடி செல்லம் இது? யாரு இன்னா பண்ணாங்க?”

குழந்தை காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இன்றைக்கென்று பார்த்தா இது கண்ணில் பட வேண்டும்! பத்து மணிக்குக் குழந்தைகள் இல்லத்து ஹெலன் மேடம் வருகிறார். தத்துக் கொடுத்த குழந்தை நன்றாக இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறவர். இந்தக் கோட்டை அவர் பார்த்தால்? குழந்தையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டால்?

பதினோரு வருஷம் ஏங்கிக் கிடந்து கிடைத்த குழந்தை. நான்கரை வயதில் வந்தவளுக்கு இப்போது ஆறு முடிந்துவிட்டது. அவளுக்காகத்தான் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பார்த்த சூப்பர்வைசர் வேலையை சந்திரகலா ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தபோது, கூடத்தில் நாத்தனார் ஜோதிலட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சந்திரகலாவின் பார்வை அவள்மேல் போய் நின்றது.

கணவனை இழந்து, மகன் குணாவோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். “ஊர் பேர் தெரியாத புள்ள எதுக்கு? எங்குணா இல்லியா? இருக்கிற ரெண்டு ஏக்கர் நம்ம ரத்தத்துக்கே போவட்டுமே!” என்று அன்றைக்குக் குறுக்கே நின்றவளும் அவள்தான். குணா இப்போது ஹாஸ்டலில் படிக்கிறான். அந்தப் பேச்சு மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஒரு வாரமாகவே வீட்டில் எதுவோ சரியில்லை. குழந்தைக்கு வாங்கி வைக்கிற ரிப்பன் காணாமல் போகிறது. ஒன்றா, இரண்டா… நான்கு! “இன்னாம்மா, உம்பொண்ணு ரிப்பனைத் துன்றாளா?” என்று பொன்னேரிக் கடைக்காரரே கேட்டுவிட்டார். போதாததற்கு, சந்திரகலா விடியற்காலையில் அடுப்படியில் நிற்கும் நேரம் பார்த்து, ஜோதிலட்சுமி அண்ணி, குழந்தை படுத்திருக்கும் அறையிலிருந்து முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டதற்கு “ஒண்ணுமில்ல” என்றாள். ஒன்றுமில்லாததை யாராவது முந்தானையில் மறைப்பார்களா?

சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு பீரோவிலிருந்து மஞ்சள் கவுனை எடுத்தாள். இல்லத்திலிருந்து வரும்போது குழந்தை போட்டிருந்த கவுன். மேடம் வரும் நாளில் அதைத்தான் போட்டுவிடுவாள். ‘நீங்கள் கொடுத்த துணியைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறோம், பாருங்கள்’ என்று காட்டுவதில் ஒரு பெருமை. வளர வளரத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இல்லத்துப் பிள்ளைகளுக்கென்று முறுக்கும் அதிரசமும் பெரிய பையில் கட்டி வாசலோரம் வைத்தாயிற்று.

கவுனின் அக்குளில் தையல் விட்டிருந்தது. ஊசி எடுக்க அண்ணியின் தையல் மெஷின் டிராயரை இழுத்தாள்.

உள்ளே, சுருட்டிச் சுருட்டி வைத்த நான்கு சிவப்பு ரிப்பன்கள்.

“அண்ணி!”

அந்தக் குரலுக்குக் கீரை முறம் சரிந்தது.

“இது இன்னா? எம்பொண்ணு காலைக் கட்ற அளவுக்கு உங்களுக்கு இன்னா ஆத்திரம்? அந்த ரெண்டு ஏக்கரை நீங்களே எடுத்துக்குங்க… புள்ளையை வுட்ருங்க!”

ஜோதிலட்சுமியின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது.

“அடிப்பாவி! நீ கட்டிப்போட்டதை அவுத்தவ நானு! விடிகாலைல கட்டில் காலோட புள்ளையைக் கட்டிட்டு நிம்மதியா சமைக்கப் போறியே, பெத்தவளா இருந்தா மனசு வருமா? தம்பிக்குத் தெரிஞ்சா ஊடு ரெண்டாப் பூடுமேன்னு நாலு நாளா வாயை மூடிகினு இருந்தேன்டி!”

“நானா…? நானா கட்டுனேன்?”

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்த வசந்தகுமார், சேற்றுக் காலோடு வாசலில் நின்றான். அக்காவைப் பார்த்தான். ரிப்பனைப் பார்த்தான். கடைசியில் மனைவியைப் பார்த்தான்.

“கலா… நெஜமா?”

நாத்தனார் சொன்னது எதுவும் வலிக்கவில்லை. இந்த இரண்டே வார்த்தை வலித்தது! பதினைந்து வருஷம் கூட இருந்தவருக்கு இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே!

“மேடம் வரட்டுங்க… நானே சொல்லிடறேன். என்னைச் சந்தேகப்படற ஊட்ல எம்பொண்ணு இருக்க வேணாம். நானும் இருக்க மாட்டேன்…”

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஹெலன் மேடம் உள்ளே வந்தார். அழுத முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“குழந்தை எங்க?”

அப்போதுதான் மூவரும் திரும்பினார்கள். துண்டு மட்டும் தரையில் கிடந்தது.

வசந்தகுமார் மோட்டார் கொட்டகைக்கு ஓடினான். ஜோதிலட்சுமி கிணற்றடிக்குப் போனாள். சந்திரகலா அறைக்குள் ஓடிக் குனிந்தாள்.

கட்டிலுக்கு அடியில், ஜட்டியோடு தர்ஷினி. இடது கால் கட்டில் காலோடு சேர்ந்திருந்தது. ரிப்பன் இல்லாததால் பள்ளிக்கூடத்து டை. இரண்டு முடிச்சு போட்டாகிவிட்டது. மூன்றாவதைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே வந்த மேடம் தரையில் உட்கார்ந்தார். தேடிவிட்டுத் திரும்பி ஓடி வந்த மற்ற இருவரும் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“யாரும்மா கட்டுனது?”

“நான்தான்.”

“எதுக்குடா?”

“கட்டிக்கினா தூக்கினு போவ முடியாதுல்ல…? அப்போ நான் தூங்கினு இருந்தேன். எழுந்தா வண்டில இருந்தேன். வேற ஊடு… வேற அக்காங்க…”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். “மூணு வயசுல… முதல்ல இருந்த இல்லத்தை மூடிட்டாங்க. விடியறதுக்குள்ள பிள்ளைங்களை வேன்ல ஏத்தி மாத்துனாங்க. இவளுக்கு ஞாபகம் இருக்கும்னு நாங்க யாரும் நினைக்கல…”

“மேடம் வருவாங்கன்னு போன் வந்துச்சுல்ல… அப்போலேர்ந்து கட்றேன்,” என்றாள் குழந்தை. “அம்மா சோறாக்க எழுந்து பூடுது. பக்கத்துல யாருமில்ல. நான் கட்டுனா யாரோ அவுத்துடறாங்க… அதான் இன்னிக்கு டைட்டா கட்டுனேன்.”

“ஐயோ!” என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் ஜோதிலட்சுமி. “நான்தான்டா கண்ணு அவுத்தேன்… இந்த அத்தைதான்டா உங்காலைப் புண்ணாக்குனேன்…”

தர்ஷினியின் கண் சந்திரகலாவின் தோளில் கிடந்த மஞ்சள் கவுனிலேயே இருந்தது.

“அது வேணாம்மா. அதைப் போட்டா அனுப்பிடுவீங்க. பையும் கட்டி வெச்சிகிறீங்க…”

பெருமையாகத் தைத்துத் தைத்துக் காப்பாற்றிய கவுன்! ஒவ்வொரு தடவையும் அதை மாட்டிவிட்டபோது இந்தப் பிஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! சந்திரகலா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

“பை மத்த பசங்களுக்குடி… நீ எம்பொண்ணுடி… எங்கியும் அனுப்ப மாட்டேன்டி!”

இறுகிய முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை. ஜோதிலட்சுமி தவழ்ந்து வந்து, தன் பல்லால் அதை நெகிழ்த்தினாள். இரண்டு பெண்களின் தலைகளும் அந்தச் சின்னக் காலின் மேல் ஒன்றாகக் குனிந்திருந்தன.

“என்னை மன்னிச்சிரு கலா. பெத்தவளான்னு கேட்ட வாய் இது… நாளைலேர்ந்து நீ எழுந்திரிக்கறப்போ எனக்கு ஒரு கொரல் குடு. நான் வந்து பக்கத்துல படுத்துக்கறேன்.”

“நானும்தான் அண்ணி வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்…” என்று அவள் தோளில் சாய்ந்தாள் சந்திரகலா.

வசந்தகுமார் தலையை நிமிர்த்தவில்லை. “தப்பு பண்ணிட்டேன் கலா…”

“கேட்டுட்டீங்க. இனிமே எப்பவும் கேக்காதீங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மேடம் புறப்படும்போது சந்திரகலா மஞ்சள் கவுனையும் முறுக்குப் பையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். பழைய பூப்போட்ட நைட்டியில் தர்ஷினி கேட்டருகே நின்றாள். ஒரு கையில் அம்மாவின் முந்தானை, மறு கையில் அத்தையின் விரல்.

ஷேர் ஆட்டோ கிளம்பியது. வளைவு திரும்பி மறைந்தது. குழந்தை காலி ரோட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கேட்டுக்கு உள்பக்கம் நின்ற தன் இரண்டு கால்களையும் பார்த்தாள்.

“அம்மா! மேடம் பூட்டாங்க… நான் போவல!”