ஒரு மோதிரமும் இரண்டு சட்டங்களும்

1958-ஆம் வருஷத்து ஆனி மாதம். தென்காசியில் கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தாவாக, அதாவது சிரஸ்தாராக, இருந்து ஓய்வு பெற்ற ஞானசம்பந்தம் காலைக் காபியை முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி வந்து இரண்டு புகார் நகல்களை மேஜைமேல் போட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அண்ணாச்சி, ஒரே மோதிரத்துக்கு எங்க வீட்டுக்காரவுக மேல ரெண்டு கேசு. வேலையையும் நிறுத்திட்டாவ. எந்தக் கோர்ட்டுக்கு ஓடுததுன்னே தெரியல.”

அவள் கணவர் காந்திமதிநாதன் சர்வேயர். சென்னை ராஜ்ய சர்க்கார் உத்தியோகஸ்தர்; ரயில்வே நிலத்தை அளக்க மத்திய சர்க்காருக்கு இரவலாகப் போயிருந்தார். தனக்குச் சாதகமாக அளக்க அவர் தங்க மோதிரம் வாங்கினாரென்று மரக்கடை வீரபாகு ராஜ்யப் போலீசுக்கு ஒரு புகாரும் மத்தியப் போலீசுக்கு ஒரு புகாரும் கொடுத்திருந்தான். மோதிரம் சர்வேயரின் துணிப்பையிலேயே அகப்பட்டுவிட்டது.

“டெல்லிச் சட்டப்படி வாங்கலைன்னு இவருதான் நிரூபிக்கணுமாம். மெட்ராஸ் சட்டப்படி, கொடுத்தேன்னு சொல்லுதவன் நிரூபிக்கணுமாம். எது செல்லும்னு வக்கீலுக்கே தெரியல. எனக்குத் தலை சுத்துது” என்றார் ஞானசம்பந்தத்துடன் காபி குடித்துக்கொண்டிருந்த நண்பர் அகமது கபீர். கடையநல்லூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் கபீருக்குத் துப்பறிவதென்றால் சோறு வேண்டாம்.

புகார்களைக் கபீரே உரக்கப் படித்தார். ராஜ்யப் புகாரில்: ‘ஞாயிறு பதினோரு மணிக்கு, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.’ மத்தியப் புகாரில்: ‘ஞாயிறு பதினோரு மணிக்கு, தென்காசி ஸ்டேஷனில் வேலையாக இருந்தவரிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.’

“ஒரு ஆளு ரெண்டு இடத்துலயா? சர்வேயர் என்ன இரட்டைப் பிள்ளையோ?” என்றார் கபீர்.

“கபீர், உம்ம மூளைக்கும் ஒரு எண்ணெய்க் குளியல் வேணும்வே. வாரும், குற்றாலம் போவோம்” என்றார் ஞானசம்பந்தம்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் மாடன் சிரித்தான். “சர்வேயரய்யா அந்த ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் இங்கனதான் இருந்தாவ. தேய்க்க உக்காந்தா கோவணம்தான் சாமி, சட்டை ஏது? சட்டையும் பையும் பாறைமேல கிடந்துச்சு. மரக்கடை ஆளு ஒருத்தன் பாத்துக்கிடுதேன்னு பக்கத்துல உக்காந்திருந்தான்.”

மறுநாள் ஞானசம்பந்தம் இரண்டு இன்ஸ்பெக்டர்களையும் வீரபாகுவையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தார். செண்பகவல்லி கதவோரம் நின்றாள்.

“சர்வேயர் எந்தச் சட்டத்துக்குள்ள வருவாருன்னு வீரபாகுவுக்குத் தெரியல. அதனால ரெண்டுக்கும் எழுதுனான். டெல்லிக்காக ரயில்வே ஸ்டேஷன், மெட்ராசுக்காகக் குற்றாலம். நடந்ததை எழுதுதவன் சட்டத்துக்குத் தக்கன இடத்தை மாத்தமாட்டான். ஒரே நகல்ல இடத்தை மட்டும் மாத்துனதால, கோவணம் கட்டுனவருக்கும் சட்டைப்பை வந்துட்டு. சாதகமா அளந்து கொடுக்கலைன்னு ஆத்திரம்; மோதிரத்தைப் பைக்குள்ள போட்டது இவன் ஆளு. உங்க ரெண்டு ஆபீசும் மத்தவுக காகிதத்தைப் பாக்காதுன்னு இவனுக்குத் தைரியம்” என்றார் ஞானசம்பந்தம்.

வீரபாகு வியர்த்துப்போய்த் தலையைக் குனிந்துகொண்டான்.

குழப்பம் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. “கேசு எங்களுடையது” என்று ஒரு மாதமாக மல்லுக்கு நின்ற இருவரும் இப்போது பின்வாங்கினார்கள்.

“குற்றமில்லை என்று மத்திய இலாகாதான் எழுத வேண்டும்” என்றார் ராஜ்ய இன்ஸ்பெக்டர்.

“அவர் உங்கள் உத்தியோகஸ்தர்; நீங்கள்தான்” என்றார் மத்திய இன்ஸ்பெக்டர்.

செண்பகவல்லிக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது. “பிடிக்கதுக்கு ரெண்டு சட்டம் போட்டி போட்டுட்டு வந்துச்சே. விடுததுக்கு ஒண்ணுகூடவா இல்ல?”

ஞானசம்பந்தம் சர்வேயர்மேல் குற்றமில்லையென்று இருவருக்கும் பொதுவாக ஒரே தாளில் நான்கு வரி எழுதி நடுவில் வைத்தார். ராஜ்ய இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டார். மத்திய இன்ஸ்பெக்டர் அதற்கு ஒரு விரற்கடை மேலே இட்டார். எது மேலே, எது கீழே என்று செண்பகவல்லி பார்க்கவில்லை. மை காய்வதற்குள் தாளை எடுத்துக்கொண்டு கணவனிடம் ஓடினாள்.