முழுசாய் ஒரு கார்

"கையை எடுங்க... நான்தான் மொதல்ல எடுத்தேன்."

"எடுத்தது நீங்க. கேட்டது நானு. உள்ள போன பொண்ணு எனக்காகத்தான் தேடிக்கினு கீது."

உத்திரமேரூர் பஜார். நசுருதீன் பாய் கடையின் மேசைமேல் ஒரே ஒரு மெழுகுவத்திப் பொட்டலம். அதன் ஒரு முனை அம்முலுவின் கையில். மறுமுனை, அவள் இதுவரை பார்த்திராத ஒருவனின் கையில். வெளியே ஐப்பசி மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தலையில் போட்டிருந்த துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. அவன் இமை மயிரில் இரண்டு துளிகள் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. அந்தத் துளிகளுக்குப் பின்னால், சிரிக்காத இரண்டு கண்கள்...

சீ! சண்டை போடும்போது யாராவது கண்ணைப் பார்ப்பார்களா?

"கரன்ட்டுதான் கீதே. உங்களுக்கு எதுக்கு மெழுகுவத்தி?" என்றான் அவன்.

"காருக்கு."

"காருக்கா? ஹெட்லைட் எரியலியா?"

"பல்லுல தேய்க்கணும்."

"யாரு பல்லுல?"

"கார் பல்லுலங்க! கியர் பல்லு. மரத்துல செஞ்ச கியரு. மெழுவு தேய்ச்சாதான் சிக்காம சுத்தும்."

அவன் அவளுடைய கம்பெனி யூனிஃபாரத்தையும் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்தான். கேலி செய்கிறாளா என்ன?

"இன்னிக்கு கல்லறைத் திருநாளுங்க," என்றான், குரலைத் தணித்து. "எங்கம்மா போயி இன்னும் ஒரு வருசம்கூட ஆவல. ஊர்ல ஒரு கடையிலயும் மெழுகுவத்தி இல்ல... அலைஞ்சிட்டு வரேன்."

அம்முலுவின் விரல்கள் தாமாகவே விலகின.

"எடுத்துக்கினு போங்க. எனக்கு அவசரமில்ல."

அவன் இரண்டு படி இறங்கினான். என்ன நினைத்தானோ, திரும்பி வந்தான். பொட்டலத்தைப் பிரித்து ஒரு மெழுகுவத்தியை உருவி மேசைமேல் வைத்தான்.

"அம்மாவுக்கு அஞ்சு போதும். நீங்க பல்லு தேய்ச்சிக்கோங்க."

மழைக்குள் போய்விட்டான். அதற்கப்புறம்தான் அம்முலுவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து வெறுங்கையோடு வந்த பாயின் மகள் ஷாஹீதா, "தனியா நின்னுக்கினு இன்னாடி சிரிப்பு?" என்று கேட்டாள்.

அம்முலுவுக்கு இருபத்தாறு வயது. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் ஐந்து வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. நகர்ந்து நகர்ந்து வரும் ஒவ்வொரு காருக்கும் இடது பின்கதவில் ரப்பர் பட்டை பொருத்துவாள். ஒன்றை முடித்துக் கையை உதறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். சொந்த ஊரான காவாந்தண்டலத்தில் கூலி வேலைக்குப் போகும் அவளுடைய அப்பா தாமோதரன், ஒரு நாள் ரோட்டில் போன காரைக் காட்டி, "இது நீ செஞ்ச காராம்மா?" என்று கேட்டார். "கதவு ரப்பர் மட்டும் நைனா," என்றாள். அவர் பெருமையாகத்தான் சிரித்தார். ஆனால் அந்தப் பதில் நாலைந்து நாள் அவள் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. எத்தனை ஆயிரம் கார்... ஒன்றையாவது, 'இது நான் செய்தது' என்று சொல்ல முடியுமா?

அப்போதுதான் செல்போனில் ஒரு சின்ன மரக் காரின் விளம்பரப் படத்தைப் பார்த்தாள். மெல்லிய மரப்பலகைகளில் வெட்டி வைத்த முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள். ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை இல்லாமல் ஒன்றில் ஒன்றைச் செருக வேண்டும். சக்கரம், அச்சு, கியர், ரப்பர் வளையத்தில் ஓடும் எஞ்சின். எல்லாம் மரம். முடித்தால் நிஜமாகவே ஓடும். அன்றே வரவழைத்துவிட்டாள்.

வீட்டில் விரித்து வைக்க இடமில்லை. ஷாஹீதா அவளுடன் பள்ளியில் படித்தவள். கடைக்குப் பின்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். துணி வெட்டும் மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு இறக்கிவிடும். காவாந்தண்டலம் டவுன் பஸ் ஆறு பத்துக்கு. நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் அம்முலுவுக்கே அம்முலுவுக்கு.

மறுநாள் அந்த ஒரு மணி நேரத்தின் வாசலில் அவன் வந்து நின்றான்.

"கார் பாக்கலாமா? நேத்து நீங்க சொன்னதை நம்பவே இல்ல. அதான்..."

பெயர் கலைச்செல்வன். சாலவாக்கத்துக்காரன். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். அறுப்பு தொடங்குவதற்கு முன் மெஷினைப் பிரித்துப் பழுது பார்க்கப் பக்கத்து லேத் பட்டறையில் நிறுத்தியிருந்தார்கள். அதனால் தினமும் ஐந்து மணிக்கு, கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நிற்பது அவனுக்கு வழக்கமாயிற்று.

"இன்னிக்கு எத்தினி துண்டு?"

"பதினாலு."

"எங்க மெஷின்ல இந்நேரம் ஒரு ஏக்கர் முடிஞ்சிருக்கும்."

"உங்க மெஷினை நீங்களா செஞ்சீங்க?"

அவன் கிரீஸ் கையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான். ஷாஹீதா தையல் மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரித்தாள்.

அவன் அதிகம் பேசமாட்டான். ஆனால் ஒரு துண்டு சரியாகப் போய் உட்கார்ந்து 'டக்' என்று சத்தம் வந்தால், அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான். அம்முலு தலை நிமிராமலேயே அதை அறிந்துகொண்டாள். காது மடல் சுடும். அவன் வராத ஒரு சாயங்காலம், ஏதோ நினைவில் உப்புத்தாளைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு துண்டு பாதியாகவே கரைந்துவிட்டது. நல்லவேளை, உபரித் துண்டு ஒன்று பெட்டியில் இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் பெருமழை. வாலாஜாபாத்தில் தண்ணீர் ஏறி, கம்பெனி பஸ் ஒரு மணி நேரம் தாமதம். அம்முலு பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தபோது, கலைச்செல்வன் மேசை அருகில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தான்.

"இங்க பாருங்களேன்..."

மூன்று நாளாக அவளைப் பாடாய்ப்படுத்திய முன்சக்கர அச்சு. எப்படிச் செருகினாலும் கியர் நழுவிக்கொண்டே இருந்தது. இப்போது அது கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவன் விரலால் சுற்றிக் காட்டினான். வழவழவென்று சுற்றியது.

"யாரு மாட்டினது?"

"நான்தான். நீங்க தலைகீழா வெச்சிருந்தீங்க. அஞ்சே நிமிசம்..."

"உங்களை யாரு தொடச் சொன்னது?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "மூணு நாளா பேஜார் பட்டுக்கினு இருந்தீங்களேன்னு..."

"பட்டா பட்டுட்டுப் போறேன்! கம்பெனில நான் ஒரு ரப்பர், இன்னொருத்தி ஒரு போல்ட்டு, அடுத்தவன் ஒரு கண்ணாடி... அந்த வண்டில எது என்னுதுன்னு சொல்லவே முடியாது. இது ஒண்ணாவது மொதல்லருந்து கடசி வரைக்கும் என் கையால வரணும்னு இருந்தேன். இப்ப இதுலயும் நான் பாதிதான்!"

"ஒரு வெளாட்டு சாமானுக்கு இவ்ளோ கோவமா?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் ரோஷம்தான் முன்னால் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்கும். ஐந்து மணிக்குச் சத்தம் நிற்கும். அம்முலுவின் காது கதவுப் பக்கம் போகும். பிறகு மறுபடியும் சுத்தியல்...

அவள் காரை முழுக்கப் பிரித்தாள். ஒரு துண்டு விடாமல். ஷாஹீதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பைத்தியமா உனக்கு? ஒரு மாச வேலடி!" அம்முலு செய்முறைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள். பத்து நாள் கழித்து அதே முன்னச்சுக்கு வந்தாள். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், அவன் மாட்டியிருந்த அதே விதமாகத்தான் மாட்ட வேண்டியிருந்தது. அவன் செய்தது சரி. அதை நினைத்தபோது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வெறுமனே அந்தக் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்கழி வந்தது. மழை விட்டுப் பனி இறங்கியது.

"பக்கத்துல வேலை முடிஞ்சிடுச்சாம்," என்றாள் ஷாஹீதா, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. "நாளைக்கு மெஷின் தஞ்சாவூரு பக்கம் போவுது. அவரும்தான்."

அம்முலு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கடைசிப் பக்கம். ரப்பர் வளையத்தை இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். இழுத்தால் கொக்கி கழன்றது. கொக்கியைப் பிடித்தால் ரப்பர் நழுவியது.

கதவோரம் நிழல் விழுந்தது.

அவன்தான். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"எதையும் தொட மாட்டேன்," என்றான். "எங்கம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, போன்னு சொன்னா போயிடறேன்."

ஷாஹீதா எழுந்து, கடையில் ஆள் வந்தமாதிரி முன்பக்கம் போனாள்.

"எங்கம்மா ஜெயம்மாள் காலம் பூரா அடுத்தவன் கழனில நட்டுச்சி, அறுத்துச்சி. கடசியில அரை காணி குத்தகைக்கு எடுத்து அதுவா பயிர் வெச்சிது. அப்பதான் நான் மெஷின் ஓட்டக் கத்துக்கினேன். 'இது நானே கையால அறுக்கறன்டா'ன்னு அம்மா சொல்லிக்கினே இருந்துச்சி. அதுக்கு இடுப்பு வலி... அது சந்தைக்குப் போன நேரத்துல மெஷினை எறக்கி இருவது நிமிசத்துல அறுத்துட்டேன். வந்து சந்தோசப்படும்னு வரப்பு மேல நின்னுக்கினு இருந்தேன்."

"அப்பறம்...?"

"ஒண்ணியும் சொல்லல. மூலைல மெஷின் வுட்டுட்ட நாலு நெல்லுத் தாளு நின்னுது. அருவாளை எடுத்துக்கினு போயி அதை அறுத்துச்சி. அன்னிக்கு சோறு துன்னல. எனக்கு அப்ப புரியல. நீ அன்னிக்கு அழுதியே... அப்பறம் இந்த மூணு வாரமா அதையேதான் நெனச்சிக்கினு இருந்தேன். அதுகிட்டப் போயி தப்புன்னு சொல்ல இப்ப வழியில்ல. உன்கிட்டயாவது சொல்லணும்னு வந்தேன். தப்பு என் மேலதான்."

அவன் 'உன்கிட்ட' என்று சொன்னதை அவள் கவனித்தாள். கையிலிருந்த ரப்பர் வளையத்தை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க மாட்டினதுதான் சரி," என்றாள் மெதுவாக. "நானும் அப்படியேதான் மாட்டினேன்."

"எனக்குத் தெரியும்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு.

"இந்தக் கொக்கியைப் புடிங்க."

"நானா? வாணாம்..."

"நான்தான் சொல்றேனே. எனக்கு ரெண்டு கைதான் கீது."

அவன் சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்தான். அவள் ரப்பரை இழுத்து மாட்டினாள். சாவியைச் சுற்றினாள். கார் மேசைமேல் கடகடவென்று ஓடி, வெட்டிவைத்த ஜாக்கெட் துணியில் ஏறி நின்றது. இருவரும் மூச்சு விடவில்லை. பிறகு ஒரே நேரத்தில் விட்டார்கள்.

ஆறு பத்து பஸ்சுக்கு அவன் கூடவே நடந்தான். காரை அவள் பெட்டியில் வைத்து மார்போடு அணைத்திருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்த பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"வர்றதுக்கு மாசி ஆவும்."

"ம்..."

"எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு அம்முலு. கட்டிக்கணும்னு ஆசை. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க... உங்க வூட்ல இன்னா சொல்லுவாங்களோ. நீ சரின்னா இந்த பஸ்லயே வந்து உங்க நைனாகிட்ட பேசிடறேன்."

அவள் படியில் ஏறி நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அந்தக் கண்களை இப்போது நேராகவே பார்த்தாள்.

"எனக்கும்தான் புடிச்சிருக்கு. ஆனா அதை நீங்க போயி சொல்ல வாணாம். எனக்கு இவருதான் வேணும்னு நானே என் வாயால சொல்லணும்."

"அப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

பஸ் நகர்ந்தது.

"மாசி பொறந்ததும் வா. நான் சொல்லும்போது பக்கத்துல நில்லு... அது போதும்."

அவன் தலையாட்டியபடியே நின்றான். பஸ் பஜார் முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது... அவள் 'வாங்க' என்று சொல்லவில்லை.