பெயர் போடாத கவிஞர்

நஜீஹா காலையிலிருந்தே தன் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் குவைத் தமிழ்ச் சங்க மேடையில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, மீதியை மறந்து, அழுதுகொண்டே இறங்கியவள் அவள். இன்று மறுபடியும் மாறுவேடப் போட்டி. இன்றும் அழுதால் வருடம் முழுக்கப் பள்ளிப் பேருந்தில் கிண்டல்தான்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனில் வாழ்ந்த ஒரு பெண் கவிஞர். அவர் பெயர் நஜீஹாவின் வாயில் நுழையவே மறுத்தது.

ஃபஹாஹீலில் துணிக்கடை வைத்திருக்கும் வாப்பா, முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"வாப்பா, வெளிய நாற்பத்தஞ்சு டிகிரி!"

"ஸ்வீடன்ல குளிரும்ல? போட்டுக்கம்மா. ஹால்ல ஏசி இருக்கும்."

ஏசி உண்மையிலேயே உறைய வைத்தது. திரைக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்பு ஈசா பற்கள் தந்தியடிக்க அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு முத்துக்குளிப்பவர் வேடம். இடுப்பில் ஒரு துண்டு மட்டும்தான்.

"குளிருதா?"

"பயமாவும் இருக்கு, நஜீஹா ராத்தா."

கோட் இருந்தால்தான் அவள் கவிஞர். இல்லாவிட்டால் வெறும் நஜீஹா. கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு அதைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினாள்.

"எனக்கும் பயம்தான். அந்தக் கவிஞரும் பயந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். பொண்ணு கவிதை எழுதினா கேலி பண்ற காலம். அதனால பேர் போடாமயே பத்திரிகைக்கு அனுப்புவாங்க. யாரு எழுதினதுன்னு ஊரே தேடும். அவங்க கமுக்கமா வீட்ல இருப்பாங்க."

ஈசா அழுகையை நிறுத்தினான். "அப்புறம்?"

"அடுத்து நஜீஹா!" ஒலிபெருக்கியில் போட்டியை நடத்திய ஷம்சாத் ஆன்ட்டி அழைத்தார்.

மேடை விளக்கில் கண் கூசியது. முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

திரையோரம் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அப்புறம் கண்டுபிடிச்சாங்களா, ராத்தா?" என்று கத்தினான் ஈசா.

நஜீஹா அவன் பக்கம் திரும்பினாள். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, அவனுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சிலர் கண்டுபிடிச்சாங்க. ஆனா அவங்க பேரோட கவிதைப் புத்தகம் வந்தது, அவங்க இறந்த பிறகுதான்."

நஜீஹாவுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மைக்கை நெருங்கினாள்.

"அவங்க பேர் போடல. நான் போட்டுடறேன். என் பேரு நஜீஹா. அஞ்சாம் வகுப்பு."

கைதட்டல் அடங்கும் முன்பே அடுத்தவர் ஓடி வந்தார். கம்பளிக் கோட் போட்ட முத்துக்குளிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடலில் குதித்தார்.