ஐம்பதாவது பெயர்

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, மலாய் நாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்: கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம், இருந்த ஒரே நாற்காலியில், கதவுக்கு நேராக. கங்காணி நல்லுசாமி, வாசலோரப் பலகையில், ஒரு கால் வெளியே தூறலில் நனைய. மணியம்மா, கவிழ்த்துப் போட்ட கொழுந்துக் கூடையின் மேல். ஜெயா, அடுப்பை ஒட்டி, மடியில் மூன்று மாதப் பெண் கோமளாவோடு. முருகையா உட்காரவில்லை, சன்னலில் சாய்ந்து நின்றான். அவன் மனைவி ரஞ்சிதம், அந்தக் கொட்டகையின் ஆயா, பாயில் சம்மணமிட்டு, மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். தாப்பா தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று கிராணியே சொல்வார்.

குழந்தையோடு சேர்த்து ஏழு பேர். ஏழு பேரும் இருந்த இடத்தில் இருந்தார்கள். விட்டத்தில் இரண்டு துணித் தொட்டில்கள் தொங்கின. ஒன்று கோமளாவுடையது. மற்றது பல மாதமாக வெறுமனே கிடப்பது. அந்த வெறும் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தாள் ரஞ்சிதம். காற்றென்றால் கோமளாவின் தொட்டிலும் ஆட வேண்டுமே என்று பிறகுதான் தோன்றியது.

"எழுதும்மா," என்றார் கிராணி. "முதல்ல இடவிவரம். வடக்கே ஓடை, அதுக்கு அந்தாண்ட காடு. கிழக்கே காடு. தெற்கே இருபத்திரண்டாம் நம்பர் தேயிலை மலை. மேற்கே இறக்கம், மூணு மைல் கீழ ஃபேக்டரி, அதுக்குக் கீழ தார் ரோடு. லயம் ரெண்டு வரிசை. குடியிருக்கிற வீடு பதினொண்ணு. ஆள் எத்தனை?"

"நாப்பத்தொம்பதுங்க."

1980 ஜூன் மாதம் நாடு முழுக்கத் தலை எண்ணுகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எண்ணியபோது இதே மேல் டிவிஷனில் நூற்று முப்பத்திரண்டு பேர். குடியுரிமை கிடைக்காத சிவப்புக் கார்டுக்காரர்கள் ஊருக்கே கப்பலேறிப் போனார்கள். சில குடும்பம் திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்கு, சில குடும்பம் கியா பார்முக்கு. ஐம்பதுக்குக் கீழே போனால் லயத்தைப் பூட்டி எல்லாரையும் கீழே இறக்கிவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். கீழே வீடு இல்லை. ஆயா வேலையும் இல்லை, அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

"ஒரு தலைதானே லா," என்றார் கங்காணி. "ஒண்ணைப் பெத்துப் போட்டுக்கலாம்."

"உம்மால முடியுமா கங்காணி?" என்றாள் மணியம்மா. கொட்டகையே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பிலிருந்துதான் அந்த யோசனை கிளம்பியது. இல்லாத பெரிய ஆளைக் காட்ட முடியாது. கைக்குழந்தையைக் காட்டலாம். தூங்குகிறது என்று சொன்னால் எவன் எழுப்பப் போகிறான்?

"யார் பிள்ளைன்னு எழுதுறது?" என்றார் கிராணி. எல்லார் கண்ணும் ரஞ்சிதத்தின் மேல் வந்து, உடனே விலகியது. கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

"என் பேர்லயே எழுதிக்கிறேன்," என்றாள் அவள்.

மணியம்மா எழுந்து போய்த் தன் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். "பொய்னாலும் முறையாச் செய்யணும்டி. வெறும் துணியைச் சுருட்டி வச்சா தொட்டில் கனம் காட்டாது. வர்றவன் கண்டுபிடிச்சிருவான்."

பேர் வைக்கும் நாளில் பிள்ளைக்கு முன்னால் குழவிக்கல்லைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவது அவர்கள் வழக்கம். கல்லைப் போல ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று. மூன்று ஆட்டு ஆட்டிவிட்டுக் கல்லை எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் பிள்ளையைப் போடுவார்கள். அன்று விளையாட்டு ஏறிப்போயிருந்தது. கல்லைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் துணி சுற்றி, மை தொட்டு, கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். ஜெயா சிரித்துச் சிரித்துத் தாலாட்டே பாடிவிட்டாள்.

"ஏ ரஞ்சிதம், தாய்க்காரி நீதானே, காதுல பேரைச் சொல்லு. மூணு தடவை."

ரஞ்சிதம் குனிந்தாள். ஒன்பது வருஷமாக யாரிடமும், முருகையாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பெயர் அது.

"சீதா. சீதா. சீதா."

கல்லை யாரும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டுப் போட ஒன்றும் இல்லையே. ஐம்பதாவது வரியில் அவள் அந்தப் பெயரை எழுதி, வயது இருபது நாள் என்று போட்டாள். முருகையா மட்டும் சிரிக்கவில்லை. "இதெல்லாம் வேணாம் புள்ள," என்று சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

மறுநாள் தானா ராத்தா டவுன் ஆபீசிலிருந்து சரிபார்க்க வந்த மலாய் அதிகாரி வயதானவர், நல்ல மனுஷர். ஒவ்வொரு வீடாக நுழைந்து, ஒவ்வொரு பெயராக டிக் போட்டு, கடைசியாகக் கொட்டகைக்கு வந்தார். தூங்குது ஐயா என்று கிராணி மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அவர் தொட்டில் துணியை விலக்கிவிட்டார். அதிகாரி நிதானமாகப் பார்த்தார். நாக்கைச் சொடுக்கிக் கொஞ்சினார். ஒரு விரலை உள்ளே நீட்டினார்.

"தூங்கலையே. முழிச்சுத்தான் இருக்கு," என்றார். "பசி போல. கெட்டியாப் பிடிக்குது பாரு."

விரலை மெதுவாக உருவிக்கொண்டு, டிக் போட்டுவிட்டுப் போனார்.

அவர் ஜீப் இறக்கத்தில் மறைந்ததும் கங்காணி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கண்ணு தெரியல கிழவனுக்கு! கண்ணாடியை மறந்துட்டு வந்திருக்கான் லா!" எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடி போட்டிருந்ததை ரஞ்சிதம் பார்த்தாள்.

மணியம்மா அன்று சாயந்தரமே குழவியை வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் காலையில் திரும்பக் கொண்டுவந்து கொட்டகைத் திண்டில் வைத்தாள்.

"நீயே வச்சுக்க."

"ஏன் யக்கா?"

"என் அம்மியில உட்கார மாட்டேங்குது." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே போனாள், துடைத்துக்கொண்டே மேட்டில் ஏறினாள், பனியில் மறையும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கொட்டகையில் ரஞ்சிதத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கு ஜெயா கோமளாவை விட்டுவிட்டு மலைக்குப் போவாள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூட லாரியில் போய்விடும். அதன்பின் பெரிய கூரைக்கடியில் அவளும் கோமளாவும், பிறகு பனியும்தான். பனி ஓடைப் பக்கமிருந்து எழுந்து, வேலிப் படலைத் தாண்டி, சன்னல் கம்பிகளில் துளித்துளியாகக் கோர்த்து நிற்கும். தகரக்கூரை சொட்டும். ஃபேக்டரியிலிருந்து வறுபடும் இலையின் வாசனை மூன்று மைல் ஏறி வரும். அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று, அவளுக்குத் தெரிந்த வாசனை, புதிதாகக் குளிப்பாட்டிய பிள்ளையின் உச்சந்தலை வாசனை. கோமளாவை முகர்ந்து பார்ப்பாள். கோமளாவிடமிருந்து வரவில்லை.

கல்லை அடுப்படியில் விறகுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே மனசு கேட்காது. தரை ஈரம், குளிர் என்று ஏதோ தோன்றும். எடுத்துத் தொட்டிலில் போடுவாள். போட்ட பிறகு, ஏன் போட்டோம் என்று மறுபடி எடுக்கப் போவாள். துணி நனைந்திருக்கும். பனி ஈரம் இப்படிச் சூடாக இருக்காது.

திங்கள்கிழமை தோறும் கைக்குழந்தையை நிறுத்து அட்டையில் எழுத வேண்டும் என்பது மருந்துக்கார ஐயாவின் கட்டளை. கொழுந்துத் தராசில் கூடையை மாட்டி நிறுப்பாள். கோமளா முதல் வாரம் ஒன்பது காத்தி, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. அடுத்த வாரம் எட்டரை. தராசில் கோளாறு இருக்கும் என்று கல்லையும் வைத்துப் பார்த்தாள். நாலரை. மூன்றாம் வாரம் கோமளா எட்டு. கல் ஐந்து.

எழுதியதைத் திரும்பத் திரும்பக் கூட்டினாள். மூன்றாம் வாரம் பதிமூன்று. இரண்டாம் வாரமும் பதிமூன்று.

"பால் குடிக்க மாட்டேங்குதுக்கா," என்றாள் ஜெயா. மத்தியானப் பால் கொடுக்க ஓடி வந்தவளின் நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பு சிவந்திருந்தது. "மார்ல வச்சா அந்தத் தொட்டிலையே பாக்குது. நீங்க ஏங்க்கா இன்னும் அதைத் தொங்க விட்டிருக்கீங்க?"

நாலாம் வாரம் கோமளா ஏழரை. அழுகைகூட மெலிந்துவிட்டது. பூனைக்குட்டி மாதிரி.

அன்றே ரஞ்சிதம் கிராணியிடம் போனாள். பட்டியலிலிருந்து சீதா பேரை எடுத்துவிடச் சொன்னாள். கங்காணி கத்தினார்: "உனக்கென்ன கிறுக்கா? கடுதாசி போன மறுநாளே லயத்தைப் பூட்டுவான்! நாப்பத்தொம்பது பேர் எங்க போறது?"

"பிள்ளை செத்துப் போகும் கங்காணி."

"எந்தப் பிள்ளை?" என்றார் அவர். அப்புறம் அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

கிராணி ஒரு தாளில் மலாயில் நாலு வரி எழுதினார். மேல் டிவிஷன் பட்டியலில் ஒரு கைக்குழந்தையின் பெயர் தவறாகச் சேர்ந்துவிட்டது, அப்படியொரு குழந்தை இல்லை, தயவுசெய்து நீக்கவும். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "இதைப் பார்த்து நீ உன் கையால எழுதிக்கோ. பேரையும் நீயே போட்டுக்கோ. என் எழுத்து இதுல இருக்க வேணாம்மா."

முருகையாவிடம் காட்டினாள். "எழுதிடு," என்றான். முதல் தடவையாக அவள் தலையில் கை வைத்தான். "எழுதிடு புள்ள. எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவோம்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொழுந்து லாரி வரும். அதில் கொடுத்துவிட்டால் மத்தியானத்துக்குள் தானா ராத்தா. ஒன்பதரைக்குப் பாயில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்தாள். பனி வாசலுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. கொட்டகையின் எதிர்ச்சுவர் தெரியவில்லை. இரண்டு தொட்டில்களும் இரண்டு வெள்ளை மூட்டைகளாக, அந்தரத்தில் நின்றன.

முதல் வரி எழுதினாள். இரண்டாம் வரி. கை சரியாகத்தான் இருந்தது. கோமளாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. சின்ன, விசில் போன்ற மூச்சு. மூன்றாம் வரி எழுதும்போது இரண்டு மூச்சு கேட்டது.

திரும்பவில்லை.

தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. கனமான கிறீச்சு. ஏழு காத்தி இருக்கும், எட்டு இருக்கும் என்று அவள் மனசு தானாக நிறுத்தது.

பெயருக்கான இடம் வந்தது. பேனாவை மையில் தோய்த்தாள். சீ என்று எழுத வேண்டும். மலாய் எழுத்தில், கொக்கி மாதிரி வளைந்த முதல் எழுத்து. ஒரே இழுப்பு.

அப்போது அது அழுதது.

கல் உரசுகிற சத்தம் இல்லை. பூனை இல்லை. பிள்ளை. பசித்த பிள்ளை. ஒன்பது வருஷமாகப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மட்டுமே கேட்ட அழுகை, இப்போது அவளைப் பார்த்து. அவளை மட்டும்.

மார்பு கடுத்தது. ரவிக்கை நனைந்தது. இரண்டு பக்கமும். சூடாக. அவள் குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இரு," என்றாள். "இரும்மா. இதோ."

கோமளாவின் தொட்டிலில் விசில் மூச்சு இன்னும் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் எழுதினாள். அச்சு மாதிரி விழுந்தது எழுத்து. கோமளா, தகப்பன் பெயர் சிங்காரம், தாய் பெயர் ஜெயா. தவறாகச் சேர்ந்துவிட்டது. அப்படியொரு குழந்தை இல்லை.

விசில் மூச்சு நின்றது.

தாளை நாலாக மடித்தாள். உறையில் போட்டாள். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஓரம் முழுக்கத் தேய்த்து, கட்டை விரலால் மூன்று தடவை அழுத்தினாள். எழுந்து போய் மற்றத் தொட்டிலில் கைவிட்டுத் தூக்கினாள். தூக்கியது இடுப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. தலை தோளில் சாய்ந்தது. கனம். நல்ல கனம். முகத்தை அவள் பார்க்கவில்லை. மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள், உள்ளே அது வாயால் தேடிப் பிடித்தது. அந்த வாய் ஓடைத் தண்ணி மாதிரி சில்லென்று இருந்தது.

லாரி ஹாரன் அடித்தது. உறையோடு வெளியே வந்தாள்.

வாசலில் நின்ற லாரியிலிருந்து சின்னையா, லாரிக்காரன், தலையை வெளியே நீட்டினான். "கடுதாசியா அக்கா? குடுங்க, சீக்கிரம். பனி மூடிக்கிட்டு வருது." பிறகு அவள் மாராப்பைப் பார்த்தான். மாராப்புக்குக் கீழே தொங்கிய காலைப் பார்த்தான். முகம் மெதுவாக மாறியது. "அக்கா... அது என்ன?"

"என் மவ," என்றாள் ரஞ்சிதம்.

மேட்டிலிருந்து ஜெயா இறங்கி வந்தாள். பால் கட்டிக்கொண்டதோ என்னவோ, மத்தியானம் வரை பொறுக்காமல் கூடையோடு ஓடி வந்தாள். அவர்களைத் தாண்டிக் கொட்டகைக்குள் நுழைந்தாள். "கோமு... என் கண்ணு... அம்மா வந்துட்டேன் பாரு," என்று கொஞ்சுவது கேட்டது. தொட்டில் துணி விலகும் சத்தம் கேட்டது. தூக்குகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை, கல்லில் வளையல் மோதுகிற சத்தம்தான் கேட்டது. தூக்க முடியாத கனத்தைத் தூக்கப் பார்க்கிறவளின் முக்கல் ஒன்று கேட்டது. மறுபடி ஒன்று.

ரஞ்சிதம் உறையை நீட்டினாள். சின்னையா வாங்கிக்கொண்டான். கண்ணாடியை அவசரமாக ஏற்றிவிட்டு, கியரைப் போட்டு, திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் விட்டான். பனிக்குள் லாரியின் பின்விளக்கு சிவப்பாகக் கொஞ்ச தூரம் தெரிந்தது, கடிதத்தோடு.